முன்னங்காலுக்குப் பின்னாலை ஒரு வெடி

தம்பி விதுரன், இந்தக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை குடுக்கிற கோப்பி திறம். காலமையிலையிருந்து நாலு குடிச்சிட்டன். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கூப்பிட்டதும் நல்லதாப் போச்சு.

நீர் வாசிச்சுக் காட்டின வாக்குமூலக் கடுதாசிப்படி, காட்டுப்பண்டிக்கு வைச்ச வெடி தவறி என்ரை முதலாளி சின்யோரேயிலை பட்டிட்டுது. கையெழுத்து வைச்சால் இண்டைக்கே வீட்டை போகலாம். ஞாயிற்றுக்கிழமை மனிசி இந்திராதேவி கொழும்பாலை வாறா, ஏழு வருசத்துக்குப் பிறகு. சீசா எண்ட இடத்திலை அறை எடுத்து, கட்டிலும் வாங்கியாச்சு. நினைக்க நினைக்கச் சிரிப்பா வருகுது.

ஆனால் ஒரு சின்னத் திருத்தம் இருக்கு.

சின்யோரே தங்கமான மனிசன். பகேரியாவிலை அவரின்ரை வீட்டிலைதான் எனக்கு வேலை. இந்த நாட்டிலை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவும் அவர் எடுத்துத் தந்ததுதான். சனிக்கிழமையிலை வேட்டைக்கு மலைக்குக் கூட்டிக்கொண்டு போவார், இரண்டாவது துவக்கு என்ரை கையிலை. நான் சைவம். ஒரு சீவன் துடிக்கிறதைப் பார்க்க ஏலாது. அதாலைதான் வடிவாச் சுடப் பழகினனான். பண்டி பக்கவாட்டிலை திரும்புமட்டும் பொறுக்கவேணும். முன்னங்கால் முன்னுக்குப் போகேக்கை, அதுக்குப் பின்னாலை, நெஞ்சின்ரை கீழ்ப்பக்கமா ஒரு வெடி. இருதயமும் சுவாசப்பையும் ஒண்டாப் போகும். நாலடி வைச்சு விழும், கத்தாது. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலை இருக்கும்.

சின்யோரே எப்பவும் வயித்திலைதான் சுடுவார். அண்டைக்கும் ஒரு தாய்ப்பண்டி குடல் இழுபட ஓடிச்சுது.

"தேடி முடிச்சிட்டு வாறன்" எண்டன்.

"விடு, பேரின்பம், தானாச் சாகும். சாப்பிட வா" எண்டு சிரிச்சார்.

பத்தைக்குள்ளை அது கத்தின கத்து இப்பவும் காதுக்குள்ளை நிக்குது. நான் போய் அதை முடிச்சிட்டுத் திரும்பேக்கை, சின்யோரே எனக்கெண்டு இறைச்சி போடாத பாண் எடுத்து வைச்சுக்கொண்டு நிண்டார். பக்கவாட்டிலை. இடக்கையை நல்லா உயர்த்தி என்னைக் கூப்பிட்டார்.

உயர்த்தின கைக்குக் கீழை இடம் அவ்வளவு வடிவாத் தெரிஞ்சுது, தம்பி. நாலடி கூட வைக்கேல்லை, ரண்டுதான். கத்தவேயில்லை. நான் நிண்ட இடத்திலை நிண்டு விசிலடிச்சன்.

ஏன் பேனாவை வைச்சிட்டீர்? தவறின வெடி எண்டதை வெட்டிப்போட்டு, இவன் ஒரு உயிரையும் நோகப்பண்ணாதவன் எண்டு எழுதும். அதை வாசிச்சால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் விட்டிடுவினம். மனிசியைக் கூட்டிவர வேறை ஆர் இருக்கினம்?