மெஷினை நிறுத்தினது யாரு

அட, கத்தட்டும் விடுங்கண்ணே. குழாய்ல தண்ணி வரலைன்னா ரோட்டுலதான் உக்காருவாங்க. பஸ்ஸு எங்கயும் ஓடிடாது. எனக்கும்தான் அவசரம், மனு வாங்கற ஆபீஸை ஒரு மணிக்கு மூடிடுவாங்க.

அந்தப் போலீஸ்காரரைப் பாருங்க. கைக்குழந்தையோட இருக்கிற அம்மாவை நிழலாப் பாத்து உக்காரச் சொல்றாரு. சிரிக்காதீங்க, இதைப் பாத்தா எனக்குக் கண்ணு கலங்குது.

நான் வெளிநாட்டுல துணி தைக்கிற கம்பெனியில இருந்தவ. நானும் என் தங்கச்சியும், பக்கத்துப் பக்கத்து மெஷின். அவ வாயாடி, நான் வாயில்லாப் பூச்சி. பாஸ்போர்ட்டெல்லாம் சூப்பர்வைசர் பீரோவுல. அம்மா சாகக் கிடக்குதுன்னு சேதி வந்துச்சு. குடுய்யா, போய் மூஞ்சியப் பாத்துட்டு வந்துடறோம்னு கெஞ்சினோம். மனுசன் மசியலை. மறுநாள் காலையில ஒரு மெஷின் நின்னுச்சு. அப்புறம் பக்கத்துல ஒண்ணு. அரை மணியில நாப்பது மெஷினும் கப்சிப். கல்லா எறிஞ்சோம்? கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம், அவ்வளவுதான். அங்க அது குத்தமாம்.

போலீஸ் வந்து, முதல்ல நிறுத்தினது யாருன்னு கேட்டுச்சு. தங்கச்சி எந்திரிச்சா. இழுத்துட்டுப் போயிட்டாங்க. நாலு வருஷமாச்சுண்ணே. எந்த ஜெயிலு, என்ன கேஸு, இருக்காளா இல்லையா, ஒண்ணும் தெரியாது. அங்க வாயைத் தொறந்து கேட்டா கேட்டவளையும் தூக்கிடுவாங்க. அம்மா போய்ச் சேந்தப்புறம் எனக்கு மட்டும் பாஸ்போர்ட்டைக் குடுத்து ஏத்தி விட்டாங்க.

இங்க வந்ததுலேந்து அவளைக் கண்டுபிடிச்சுத் தரச் சொல்லி மாசாமாசம் மனு குடுக்கறேன். போன தடவை ஆபீஸர் எரிஞ்சு விழுந்தாரு. நானும் விடலையே, மேசையைத் தட்டிக் கத்திட்டேன். அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். யாரும் வந்து கதவைத் தட்டலை. அது எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குத் தெரியாது. தெரியவே வேணாம், நல்லா இருங்க. நான் கத்தினேன்னு சொன்னா தங்கச்சி நம்பவே மாட்டா.

ஆமாண்ணே, தைரியக்காரிதான். மனுவுலயும் இத்தனை நாளா அப்படித்தான் எழுதினேன், முதல்ல மெஷினை நிறுத்தினவ அவதான்னு.

எந்திரிக்கறாங்க போல, வழி விட்டாச்சு. டிரைவரும் ஏறிட்டாரு.

அவ நிறுத்தலைண்ணே. நிறுத்தினது நான். யாருன்னு கேட்டப்போ எந்திரிக்கத்தான் பாத்தேன், காலு வரலை. அவ என் தோளை அமுக்கிட்டு எந்திரிச்சா. அவ வாசலைக்கூடத் தாண்டலை, அதுக்குள்ள சூப்பர்வைசர் என்னைப் பாத்தான். நான் குனிஞ்சு மெஷினை ஓட்ட ஆரம்பிச்சுட்டேன்.

இன்னிக்கு மனுவுல அதை எழுதியிருக்கேன். என்னை யாரும் ஒண்ணும் செய்யமாட்டாங்கன்னு தெரிஞ்ச ஊருல உக்காந்து எழுதவே எனக்கு நாலு வருஷம் ஆயிடுச்சு.