கில் மெதேய்ரோஸின் ஈரக் கை

கடலோரத்தில் கிட்டார் கம்பிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். எங்கள் ஊரான பாயின்ட் லோமாவில் மூன்று வாரம் தாங்கினால் அதிகம். கில் மெதேய்ரோஸ் அதையெல்லாம் கவனிக்கிறவன் இல்லை. அவனுக்கும் நான்தான் மாற்றிக் கொடுப்பேன். அவன் வாழ்க்கையை எழுத வந்திருக்கிறீர்கள், இதையும் குறித்துக்கொள்ளலாம்.

அவன் அப்பாவுக்குச் சூரை மீன் படகு இருந்தது. பள்ளி முடிந்து கில்லும் இரண்டு பருவம் கடலுக்குப் போனான். படகு எஞ்சினின் படபடச் சத்தத்தை அவன் ஒற்றைக் கம்பியில் கொண்டுவந்தபோது, கிட்டாரில் இப்படியும் முடியுமா என்று அந்தக் கரையே அசந்துபோனது. அவனுக்கு முதலில் கிட்டார் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆறு வாரம் கழித்து அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

எனக்கு ரேடியோ பழுதுபார்க்கும் வேலை. ஸ்பிரிங் வைத்து ஓர் எதிரொலிப் பெட்டி செய்து அவன் கிட்டாரோடு இணைத்தேன். குகைக்குள் அலை புகுந்து திரும்புவதுபோல் சத்தம் வந்தது.

“வாரன், அதே பெட்டியில நீ வாசிச்சா தகரக் கொட்டகையில மழை பெய்யுது, அவன் வாசிச்சா கடல் வருது,” என்றான் எங்கள் டிரம்ஸ்காரன் ஹோய்ட். “பெட்டி மேல தப்பில்லடா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அறுபத்திரண்டில் எங்கள் இசைத்தட்டு வந்தது. அந்தக் கோடையில் கரை நெடுக, கிட்டார் வைத்திருந்தவன் எல்லாம் கில் ஆகப் பார்த்தான். ரேடியோ பேட்டியில் கேட்டபோது அவன், “என் சத்தத்துல பாதி வாரன் டட்டிலோடது,” என்றான்.

“பாத்தியா தம்பி, உன்னை விட்டுக்கொடுக்காம பேசுறான்,” என்று எனக்கு மீன் குழம்பு ஊற்றினாள் அவன் அம்மா லூர்திஸ். பாதி. அதைக்கூட அவன்தான் எனக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

சனிக்கிழமை மதியங்களில் கடற்பாலத்தருகே இருந்த நடன அரங்கில் வாசிப்போம். கில் கடைசி நிமிடம் வரை அலைச்சறுக்கு ஆடிவிட்டு, வெறுங்காலோடு, நீர் சொட்டச் சொட்ட மேடை ஏறுவான். துடைத்துக்கொண்டு வா என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

“நீ இருக்கியே, எனக்கென்ன பயம்,” என்பான்.

அந்தச் சனிக்கிழமை, கிட்டார் ஒலிபெருக்கிக்குள் ஒரே ஒரு மின்கம்பியை இடம் மாற்றினேன். கிட்டாரை மட்டும் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஒரு கையில் கிட்டாரும் மறு கையில் மைக்கும் இருந்தால்தான் ஆபத்து. எங்கள் குழுவில் பாட்டே கிடையாது, கில் மைக் பக்கம் போனதே இல்லை. அதனால் அவனிடம் சொன்னேன்:

“இன்னைக்கு நாலு வார்த்தை பேசு. ஜனங்க உன் குரலையே கேட்டதில்ல.”

“என்னத்தடா பேசுறது?”

“மனசுல உள்ளதைப் பேசு.”

நான் நினைத்தது ஓர் அதிர்ச்சிதான். ஒரு வாரம் அவன் விரல்கள் மரத்துக் கிடக்கும், அந்த ஒரு வாரம் அவன் இடத்தில் நான் வாசிப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவன் சாவுக்குக் காரணம் பழைய கட்டடம், ஈரக் கால் என்று போலீசார் எழுதிக்கொண்டு போனார்கள். அதன்பின் நாற்பது வருடம் அவன் மெட்டுகளை நான் வாசித்தேன். ஒரு தப்பு வராது. கேட்டவர்கள் எல்லோரும், கில் மாதிரியே இருக்கிறது என்றார்கள். ஜப்பானிலிருந்துகூடக் கடிதம் வருகிறது, கில்லின் நண்பருக்கு என்று.

அந்தச் சனிக்கிழமை அவன் மைக் முன்னால் போய் நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு எல்லாரும் கேக்குறீங்க. பாதின்னு ரேடியோவில சொன்னேன், அது தப்பு. மொத்தமும் அதோ நிக்கிறானே, அவனோடதுதான்.” கிட்டாரை விடாமலே, சிரித்துக்கொண்டே மைக்கைப் பிடித்தான். “அவன் பேரு வா...”

அவன் உடம்பு விறைத்தது. வேடிக்கை காட்டுகிறான் என்று ஜனங்கள் கைதட்டினார்கள். மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச் என் காலடியில் இருந்தது. என் பெயரை முழுதாகச் சொல்லிவிடட்டும் என்று காத்திருந்தேன்.