அரைச் சுத்து

யேசுராஜ்: ஏல நாகலிங்கம், மெஷின்ல எவன்ல கை வச்சது?

நாகலிங்கம்: எந்த மெஷின்ண்ணே?

யேசுராஜ்: இந்த ரூம்ல எத்தன மெஷின் இருக்கு?

நாகலிங்கம்: ஏசி இருக்கு…

யேசுராஜ்: ஏசிய வச்சா நான் தோட்டா அடைக்கேன்? இந்தா, தோட்டாக் கழுத்த நெரிக்கிற அச்சு, இந்த டை. நேத்து நான் பூட்டிட்டுப் போன எடத்துல இல்ல. அரைச் சுத்து கீழ எறங்கிருக்கு.

நாகலிங்கம்: காலைல தொடச்சேன். தொடைக்கிறது என் டூட்டிதானண்ணே.

யேசுராஜ்: தொடச்சா எறங்குமா? லாக் ரிங்கு ஸ்பேனர் போட்டு இறுக்குனதுல!

நாகலிங்கம்: நான் கொஞ்சம் அழுத்தித் தொடைப்பேன்.

யேசுராஜ்: வாய மூடு. இந்தக் காலித் தோட்டாவப் பாரு. கழுத்துல பளபளப்பு எதுவரைக்கும் வந்திருக்கு?

நாகலிங்கம்: நல்லாத்தானே மின்னுது… தோள் வரைக்கும்.

யேசுராஜ்: அதான் சனியன். ஒருக்கா சுட்டா இது நம்ம மொதலாளி அர்பாப்போட துப்பாக்கி அளவுக்கு உப்பிரும். அந்த ஒடம்ப நாம தொடக் கூடாது. கழுத்த மட்டும், அதுலயும் முக்காவாசி மட்டும், டை புடிச்சு நெரிக்கணும். அப்பதான் குண்டு ஆடாம நிக்கும், நேராப் போவும். இப்ப தோளயும் சேத்து நசுக்கி வச்சிருக்கு. ரெண்டு போச்சு.

நாகலிங்கம்: அம்பதுல ரெண்டுதானே…

யேசுராஜ்: நாலு மணிக்கு அர்பாப் வந்துருவாரு! நாளைக்கு அவரு மச்சானோட சுடுற மேட்ச். போன வருசம் தோத்துட்டு ஒரு மாசம் யாருக்கும் சலாம் சொல்லல. இந்தத் தடவ ஜெயிச்சா யல்லா ஊருக்குப் போ, தோத்தா லீவு மாஃபி, கெடையவே கெடையாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு.

நாகலிங்கம்: அது வெளையாட்டுக்குச் சொன்னதுண்ணே.

யேசுராஜ்: வெளையாட்டா? மூத்த மக சர்ச்சுல புதுநன்மை வாங்குனப்பவும் நான் போகல. போன்லதான் பாத்தேன். பாதியில நெட்டு போச்சு. எளையவளுக்கு வர்ற ஞாயித்துக்கெழம. அவ கேக்கா, அப்பா நீங்க இந்தத் தடவயும் போனுக்குள்ளயா வருவீங்கன்னு.

நாகலிங்கம்: இந்தத் தடவ நேர்லயே போவீங்கண்ணே, பாருங்க.

யேசுராஜ்: இரு… டைக்குள்ள என்னமோ மாட்டிருக்கு. அந்த டார்ச்ச இங்க அடி. கறுப்புக் கயிறு!

நாகலிங்கம்: அது… என் அரைஞாண் கயிறா இருக்கும்.

யேசுராஜ்: உன் இடுப்புல கெடக்குற கயிறு இந்த ஒசரத்துல டைக்குள்ள எப்பிடில ஏறுச்சு?

நாகலிங்கம்: …அண்ணே, அடிக்க மாட்டீங்கன்னா சொல்றேன்.

யேசுராஜ்: சொல்லு. அடிக்கிறத அப்புறம் பாக்கலாம்.

நாகலிங்கம்: எங்கக்கா பூவாயி கருப்பசாமி கோயில்ல மந்திரிச்சு ஒரு தாயத்து அனுப்புச்சுல்ல? மூடி லொடலொடன்னு கழண்டு கழண்டு விழுகுது. ருவைஸ் டவுன்ல நகைக்கடையில காட்டுனேன், செம்புக்கெல்லாம் கை வைக்க மாட்டேன்னுட்டான். நீங்கதானே சொன்னீங்க, இந்த டை கழுத்த நெரிச்சா குண்டு கப்புனு நிக்கும்னு…

யேசுராஜ்: அதுக்கு! மேட்ச் டையில தாயத்து மூடிய நெரிச்சியா!

நாகலிங்கம்: மூடி குட்டைண்ணே, டைக்கு எட்டல. அதான் அரைச் சுத்து எறக்குனேன். ஆனா சொல்லக் கூடாது, பல்லால கடிச்சாலும் இப்ப கழறாது.

யேசுராஜ்: பெருமை வேற! அந்த இருபத்தஞ்சு ஃபில்ஸ் காசக் குடு. தோட்டா நிக்கிற தட்டுல காச வச்சு, அது மேல டை முட்டுற வரைக்கும் எறக்கணும், ரிங்கப் பூட்டணும், காச உருவணும். அந்தக் காசு கனம்தான் இடைவெளி. கையப் புடி… ம், போதும். இப்ப லீவர அழுத்து. மெதுவால!

நாகலிங்கம்: வந்துருச்சுண்ணே! முக்காவாசில கோடு!

யேசுராஜ்: அந்தோணியாரே… தப்பிச்சோம். ஆமா, எங்கல அந்தத் தாயத்து? கழுத்துல காணோம்?

நாகலிங்கம்: உங்க கழுத்து அந்தோணியார் மெடலையும்தான் நேத்துலருந்து காணோம்.

யேசுராஜ்: அது… சங்கிலி அறுந்துட்டு. ரூம்ல கெடக்கு. நீ பேச்ச மாத்தாத.

நாகலிங்கம்: என் தாயத்து… அர்பாப் துப்பாக்கிப் பெட்டில இருக்கு.

யேசுராஜ்: என்னது!

நாகலிங்கம்: அவரு ஜெயிச்சாத்தானண்ணே நீங்க ஊருக்குப் போவீங்க? ஒரு நாளைக்குத்தான். மேட்ச் முடிஞ்சதும் எடுத்துருவேன்.

யேசுராஜ்: ஏல கிறுக்கா! அந்தாளு பாத்தா லீவு இல்ல, விசாவே கேன்சல்தான்! அடுத்தவன் பெட்டில போயி… யாராவது அப்பிடிச் செய்வானா? எங்க வச்ச?

நாகலிங்கம்: பஞ்சுக்கு அடியில.

யேசுராஜ்: …பஞ்சத் தூக்குனியா?

நாகலிங்கம்: தூக்காம எப்பிடிண்ணே வைக்கிறது?

யேசுராஜ்: சரி சரி, நீ போயி டார்கெட் பேப்பர் ஒட்டு. பெட்டிய நான் பாத்துக்கிடுதேன். நானே எடுத்துருதேன்.

நாகலிங்கம்: ரெண்டையுமா?

யேசுராஜ்: எந்த ரெண்டு?

நாகலிங்கம்: ரூம்ல அறுந்து கெடக்குன்னீங்களே அந்தோணியார் மெடல்… எனக்கு முந்தியே பஞ்சுக்கு அடியில படுத்திருந்தாருண்ணே. பாவம், தனியாக் கெடக்காரேன்னுதான் கருப்பசாமியப் பக்கத்துல வச்சேன்.