புகைக்கு வழி திறந்த கைகளுக்கு

இரும்பின் இறுக்கத்துக்குள்ளும் இளக்கம் கண்ட எங்கள் இனிய அக்காவே! மருத்துவ ஊர்திப் பணிமனையில் எஞ்சினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டைச் செப்பனிடும் பிரிவைத் தோளில் தாங்கிய தலைவியே! தங்கள் பணி ஓய்வு நாளில் எங்கள் வணக்கம்.

தங்களைப் புகழ நினைத்தால், எங்கள் நெஞ்சம் முதலில் போய் நிற்பது மலைச்சாலை ஆம்புலன்ஸிடம்தான். பிரசவ வலியில் துடித்த தாயை ஏற்றிச் சென்ற அவ்வண்டி, பாதி ஏற்றத்தில் இழுவை இழந்து நின்றது. வேறு வண்டி வந்துதான் இரண்டு உயிரும் பிழைத்தன. எஞ்சினைத் திறந்தால், புகையை வெளிவிடும் எக்ஸாஸ்ட் வால்வுகள் கருகிக் கிடந்தன. எரிந்த புகை விரைந்து வெளியேறவில்லை. புகைப்பாதையை அகலமாகக் குடைந்தால் தீர்ந்தது என்றோம். குடைந்தோம். வண்டி முன்னிலும் மோசமாக முனகியது.

தாங்களோ, காற்றோட்டம் அளக்கும் மேசையில் வேறொரு ஹெட்டைப் பொருத்தி, புகைப்பாதையின் தரையில் களிமண்ணை அப்பினீர்கள். பணிமனையே சிரித்தது.

"மண்டையில களிமண்ணுன்னு எங்கம்மா என்னைத்தான் திட்டுவாங்க. நீங்க எஞ்சின் மண்டையிலயே வெக்கிறீங்களேக்கா! ஓட்டை சின்னதானா புகை எப்படிப் போகும்?" என்றார் அந்த வண்டியின் ஓட்டுநர்.

"அகலம் இல்ல தம்பி, வளைவுதான் சிக்கல். கொண்டை ஊசி வளைவுல நீ வேகமா வந்தா தெறிச்சுப் போயிடுவ இல்ல? புகையும் அப்படித்தான், சுவரை விட்டு விலகிச் சுத்திக்கிட்டே நிக்குது."

களிமண் வளைவைத் தணித்ததும், காற்றோட்டம் காட்டும் அளவுமானியின் முள் ஏறியது. எங்கள் சிரிப்பு இறங்கியது.

களிமண் காட்டிய வடிவில் உலோகத்தைப் பற்றவைத்து நிரப்பி, வளைவைப் பொறுமையும் பொறுப்புமாய் இழைத்தீர்கள். ஆயினும் கடைசிப் பாதையில் கருவி வழுக்கி, எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப்பாதையை ஒட்டிய சுவர் மெலிந்துபோயிற்று. எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. தங்கள் விரலுக்குத் தெரிந்தது.

"வண்டி உடனே வேணும்மா. போட்டு அனுப்புங்க, தாங்கும்" என்றார் மேலாளர்.

"தாங்கலன்னா நடு ஏத்தத்துல தண்ணி உள்ள இறங்கிடும் சார். கை தப்பினது எனக்குத்தான். இது வண்டியில ஏறாது."

வேறொரு ஹெட்டை முதலிலிருந்து தொடங்கினீர்கள். வண்டி தாமதமாயிற்று. வந்த ஏச்சையெல்லாம் ஒருவர்மீதும் திருப்பாமல் தாங்களே வாங்கிக்கொண்டீர்கள்.

பிறகு வண்டி மலையேறியது. உச்சியிலிருந்து ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்தார்: "மேல வந்துட்டோம்க்கா. நோயாளி அம்மா நல்லாத் தூங்கிட்டே வந்தாங்க."

தாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நாங்களும் பார்க்காதவர்கள்போல் ஸ்பானரைத் தேடினோம்.

சினந்தாலும் சிறுமைப்படுத்தாத செம்மலே! உலோகத்தூள் ஒட்டிய உடையோடு தாங்கள் வீடேறுவதாக அலுத்துக்கொண்ட தங்கள் கணவருக்கு இனியாவது நிம்மதி கிட்டட்டும்! தெளிந்த பார்வையும் திடமான உடலும் தேயாத சிரிப்பும் தங்களோடு நெடுங்காலம் நிலைக்கட்டும்!

இன்று தங்களை வீட்டில் கொண்டுவிட வேண்டும் என்று அதே ஓட்டுநர் அந்த ஆம்புலன்ஸோடு வாசலில் காத்திருக்கிறார். வழியில் அவசர அழைப்பு வந்தால், அவர் வாய் திறக்கும் முன்பே தாங்கள் கதவைத் திறந்து இறங்கிவிடுவீர்கள் என்று அறிவோம்.

நீங்கா அன்புடன்,
சிலிண்டர் ஹெட் பிரிவினரும் ஓட்டுநர்களும்