கூரையைப் பிரித்த நாலு பேர்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, செயலாளர் ஐயா அவர்களே, கண் கலங்கி வந்திருக்கும் உறவுகளே, புதன்கிழமை வகுப்புத் தோழர்களே! இதை நானே எழுதினேன். ஐந்து நாள் ஆயிற்று. வாசிக்கவும் கொஞ்சம் நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்!

நம் டீச்சரம்மா போய்விட்டார். அவர் நடத்திய முதியோர் வாசிப்பு வகுப்பும் இந்த மாதத்தோடு சரி என்கிறார்கள். விடலாமா? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் ஐம்பது வருடம் கூரை வேலை பார்த்தவன். எழுத்துக் கூட்டி நான் வாசித்த முதல் கதை எது தெரியுமா? நடக்க முடியாத ஒருவனை நாலு பேர் தூக்கி வருகிறார்கள். வாசலில் கூட்டம். கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவனை இயேசுவின் முன்னால் இறக்குகிறார்கள். எனக்கு வந்ததே கோபம்!

"அடுத்தவன் கூரையப் பிரிச்சுப் போட்டா யார் டீச்சர் சரி பண்றது?"

வகுப்பே சிரித்தது.

"எனக்கென்ன தெரியும் மேஸ்திரி அண்ணே? நீங்களே மேல ஏறிப் பாருங்க."

கண்ணை மூடி மனசுக்குள் ஏறினேன்! மண் உதிர்கிறது. கீழே திட்டுகிறார்கள். கயிற்றின் ஒரு முனை என் கையில். நாலு பேரும் ஒரே அளவாக விடாவிட்டால் அவன் கவிழ்ந்துவிடுவான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பார்த்து விடுகிறோம். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைப் பார்த்தார் என்று கதை சொல்கிறது. விசுவாசத்தை எப்படிக் கண்ணால் பார்ப்பது? அந்தக் கைகளைத்தான் பார்த்திருக்கிறார்! எழுபது வயது வரை ஜெபத்தில் கண்ணை மூடினால் எனக்கு இருட்டு மட்டுமே. இப்போது ஆட்கள் தெரிகிறார்கள் ஐயா, ஆட்கள்!

கடைசி மாதம் டீச்சரம்மா படுத்துவிட்டார். வகுப்பு அவர் வீட்டுக்குப் போனது. "நாலு பேரா வந்திருக்கீங்க, என் வீட்டு ஓட்டுல கை வச்சுடாதீங்க அண்ணே" என்று சிரித்தார். எங்களோடு படிக்கும் தையற்கார அம்மா அழுதுவிட்டார்.

"இனிமே எங்களுக்கு யார் இருக்கா டீச்சர்?"

"எதுக்கு ஆளு? ஒருத்தர் வாசிங்க. மத்தவங்க கதைக்குள்ள போங்க. திரும்பி வந்து பார்த்ததச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

செயலாளர் ஐயா, ஆசிரியர் இல்லை என்றுதானே பூட்டுகிறீர்கள்? வருகிற புதன் மாலை ஆறு மணிக்கு நான் வாசிக்கிறேன். புயலில் சீடர்கள் படகில் தத்தளித்த கதை. எனக்கு நீந்தத் தெரியாது. இருந்தாலும் ஏறப்போகிறேன்!

வகுப்பறைச் சாவியைக் கொடுங்கள். வாங்காமல் இறங்கமாட்டேன்.