விளிம்புக்குப் பச்சை மை

ஹலோ... ஹலோ, சிடி சாமான் கடைதானே?... ஆமா, ஆமா, நானேதான். சிடி சவுண்டு துல்லியமாகும்னு பச்சை மைப் பேனா, ரப்பர் கால், பித்தளை வில்லைன்னு அள்ளிட்டுப் போனேனே, அந்தக் கிழவன்...

சே சே, வேலை செய்யலைன்னு யார் சொன்னா? செய்யுது தம்பி. அதான் வினையே.

கேளுங்க. என் சம்சாரம் அவ ஆபீஸ் ஆண்டு விழாவில பாடின சிடி. நீங்க சொன்ன மாதிரியே விளிம்பைச் சுத்திப் பச்சை மை பூசினேன். போட்டா, அவ மூச்சு இழுக்கிறது கேக்குது... ஆமா, ஆமா, சந்தோஷம்தான். பிளேயருக்கு அடியில ரப்பர் கால் வெச்சேன். தபலாக்காரர் மோதிரம் தட்டுறது கேட்டுச்சு. மேல பித்தளை வில்லையை வெச்சதும், மூணாவது வரிசையில யாரோ மிட்டாய்க் காகிதம் பிரிக்கிறாங்க. எலுமிச்சை மிட்டாய்... வாசனையா? லேசாத்தான் வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.

அதோட விட்டிருக்கலாம். நீங்கதானே சிடியை ஃப்ரீசர்ல வைக்கச் சொன்னீங்க? பட்டாணிப் பொட்டலத்து மேல ரெண்டு மணி நேரம் வெச்சேன். எடுத்துப் போட்டா... குறட்டை.

...பிளேயர் கோளாறு இல்லப்பா. என் குறட்டை! எனக்குத் தெரியாதா?... இருபத்திரெண்டு வருஷமா அவகிட்ட என்ன சொல்லியிருக்கேன்? முன் வரிசையில உக்காந்து, கண் கலங்கி, இமை கொட்டாம கேட்டேன்னு... ஆமா, கொட்டலைதான். மூடியே இருந்துச்சு.

நாலு மணிக்கு அக்கா தங்கச்சிங்களை எல்லாம் கூட்டிட்டு வர்றா, இதைப் போட்டுக் காட்ட. இப்ப மூணே முக்கால்!

கழட்டிட்டேன், எல்லாத்தையும் கழட்டிட்டேன். இன்னும் கேக்குதே! மை போகமாட்டேங்குது. தேய்ச்சுத் தேய்ச்சு என் விரல்தான் பச்சையாச்சு... தம்பி, சவுண்டைக் கெடுக்கிற சாமான் ஏதாவது வெச்சிருக்கீங்களா? நல்ல மட்டமான ஒயரா ஒண்ணு?...

இருங்க, கதவு... வாங்க வாங்க, எல்லாரும் வாங்க! என்னம்மா, சீக்கிரமே... யாருமில்ல, தெரிஞ்ச தம்பி... விரலா? அது ஒண்ணுமில்ல... ஏய், அதைத் தொடாதே!... போட்டுட்டா தம்பி... ஷ்ஷ்... மூச்சு இழுக்கிறா... மோதிரம்... மிட்டாய்... இதோ வருது...

என்னது?... நான் தூங்கினது உனக்கு முன்னாடியே தெரியுமா?... மேடையில இருந்தே பாத்தியா? பாடிக்கிட்டேவா?... ரெக்கார்டிங்காரர்கிட்ட கெஞ்சிக் குறட்டையைக் குறைக்கச் சொன்னதே நீதானா! அப்புறம் ஏன்டி, நான் கண் கலங்கின கதையைச் சொல்றப்பல்லாம் தலையை ஆட்டின?... அழகா சொன்னேனா?... ம்... அது சரி.

தம்பி, இருக்கீங்களா?... சிரிக்காதீங்க. அவ ஒண்ணு கேக்கச் சொல்றா. அவ அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தமாம். குறட்டை இன்னும் எடுப்பாக் கேக்கிறதுக்கு என்ன சாமான் இருக்குன்னு...

என்ன, இருக்கா?... புதுசா வந்திருக்கா?... ஹலோ?... ஹலோ? லைன் சரியில்ல தம்பி... ஒண்ணுமே விழலை... அட, விழலைங்கிறேன்ல! வெச்சிடறேன்.