வாசலில் கிடந்த நீலச் செருப்பு

"போலீஸ் காவல் வந்ததுல இருந்துதான்க்கா ஜெபத்துக்கு ஆளே வர்றதில்ல."

மைசூரில் கொள்ளேகால் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, முன் சீட்டிலிருந்து இது கேட்டது. சொன்னவள் மடியில் ஒரு பைபிள். அதன்மேல் துண்டு போட்டு மூடியிருந்தாள். பக்கத்தில் இருந்த மூத்தவளுக்குப் புரியவில்லை.

"உங்க ஜெப வீட்டு மேல கல்லெறிஞ்சவங்கள புடிச்சாச்சு. சர்க்காரே உங்க வாசல்ல ஆள நிறுத்தியிருக்கு. இன்னும் என்ன பயம்?"

"முன்னெல்லாம் செருப்பக்கூட உள்ள கொண்டுபோய் வெச்சுக்குவோம். யார் வந்திருக்காங்கன்னு வெளிய தெரியாது. அந்த போலீஸ்காரரு நல்ல மனுஷன். 'நான்தான் இருக்கேனே, தைரியமா வெளிய விடுங்க'ன்னாரு. எல்லாரும் விட்டோம்."

"சரி?"

கண்டக்டர் வந்தார். டிக்கெட் கொடுத்துவிட்டு அவர் நகரும்வரை இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மறுநாள் வேலைக்குப் போனேன். மேஸ்திரி என் காலயே பாத்தாரு. 'இந்த நீலச் செருப்பு நேத்து அந்த வீட்டு வாசல்ல கெடந்துச்சே'ன்னாரு."

"ஐயோ! நீ என்ன சொன்ன?"

அவள் துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

"நான் அங்கெல்லாம் போறதே இல்லீங்கன்னு சொல்லிட்டேன்க்கா."